பேன் ஆன பிறகு வேலரன்ட்டுக்குத் திரும்ப முடியுமா?

"அண்ணா, அக்கவுன்ட் பேன் ஆயிடுச்சு, புது ஐடி போட்டா போதும்ல?"னு சில பேர் கேட்டிருந்தீங்க. பேன் எதுக்குங்கறதைப் பொறுத்துதான் பதில்.

சாட்ல கெட்ட வார்த்தை, பாதி மேட்ச்ல ஓடிப் போறது மாதிரின்னா பெரும்பாலும் தற்காலிகத் தடைதான். நாள் முடியற வரைக்கும் காத்திருங்க.

சீட் யூஸ் பண்ணி மாட்டினா கதையே வேற. 2020-ல் வந்த வேலரன்ட்டோட காவலாளி வான்கார்ட், விண்டோஸின் கெர்னல் வரைக்கும் இறங்கி வேலை செய்யும். அக்கவுன்ட்டோட சேர்த்து கம்ப்யூட்டரின் அடையாளத்தையும் அது தடை செய்யலாம். அப்போ புது ஐடியும் உள்ளே போகாது. திரையில் 'வேன் 152' வந்து நிக்கும்.

அந்த அடையாளத்தை மாத்திக் காட்டுற 'ஸ்பூஃபர்' வாங்காதீங்க. ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியரா சொல்றேன், முகம் தெரியாத ஆள்கிட்ட வீட்டுச் சாவியைக் கொடுக்கிற வேலை அது. உங்க பேங்க் லாகினும் அதே மெஷின்லதான் இருக்கு.

தப்பே பண்ணலையா? சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டு, நடந்ததை மறைக்காம எழுதுங்க.

செகண்ட் ஹேண்ட் பிசி வாங்கறவங்க, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மேட்ச் ஆடிப் பாத்துடுங்க. பழைய ஓனரோட தடையும் சேர்ந்தே உங்க வீட்டுக்கு வரலாம்.