கங்கம்மா ஊரில் யாருக்கு என்ன வேஷம்?

மே மாத வெயிலில், திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை நடக்கும் வாரத்தில், பழைய ஊர்த் தெருக்களில் விடியும்போதே அலங்காரம் தொடங்கிவிடும். மீசைக்கார ஆம்பிளை இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு நடுவீட்டில் நிற்பான். பெண்டாட்டி கொசுவத்தை மடித்துச் செருகி, தோளில் பின் குத்துவாள். அம்மா சவுரி வைத்துப் பின்னி, மல்லிகைச் சரம் சுற்றுவாள். "கதலகு ரா, மடிப்பு கலையுது" என்று பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் அதட்டல் விழும். கண்மை, வளையல், பொட்டு, ரவிக்கைக்குள் திணித்த துணி எல்லாம் சரியானதும் குடும்பத்தோடு கோயிலுக்கு நடப்பான். வழியில் சிரிப்பு இருக்கும், இளப்பம் இருக்காது. அம்மை வராமல் காத்ததற்கோ, பிள்ளை பிறந்ததற்கோ நேர்ந்துகொண்ட கடன் அது.

இதன் பின்னால் இருப்பது ஒரு கொலைக் கதை. திருப்பதியை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் ஊரில் ஒரு பெண்ணையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து அவிலாலாவில் கைக்கால குடும்பம் எடுத்து வளர்த்த கங்கம்மாவின் கையையும் பிடித்தான். அவள் தன் நிஜ உருவத்தைக் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி நாளுக்கு ஒரு வேஷம் போட்டாள்: பைராகி, பண்ட, தோட்டி, கடைசியில் துரை. துரையே வந்திருக்கிறார் என்று நம்பி வெளியே வந்தவனின் தலை உருண்டது. இன்றும் ஜாத்திரையில் அந்த வேஷங்களைக் கட்டும் உரிமை கைக்கால குடும்பத்து ஆண்களுக்குத்தான். மற்ற பக்தர்களும் பைராகி நாளில் வெள்ளைக்கட்டி, பண்ட நாளில் குங்குமம், தோட்டி நாளில் கரி என்று உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வருவார்கள். பண்ட வேஷக்காரன் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் பேசலாம். பேசினால்தான் அம்மனுக்குத் திருப்தி என்பார்கள்.

கதையில் ஆண் உடை உடுத்திப் புறப்பட்டவள் ஒரு பெண். ஜாத்திரையில் அந்தப் பெண்ணின் வேஷங்களைக் கட்டுகிறவர்கள் ஆண்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூகிகர் இந்த ஜாத்திரை பற்றி 2013இல் ஒரு நூல் எழுதினார். கங்கம்மாவின் அந்த ஏழு நாளில் உலகமே பெண்ணாகிவிடுகிறது, ஆண்தான் தன்னை மாற்றிக்கொண்டு அவளை நெருங்க வேண்டும், பெண்ணிடம் அவளுடைய சக்தி ஏற்கெனவே இருப்பதால் வேஷம் தேவையில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சக்தி இருக்கிறவளுக்கு அந்தத் துரை வேஷத்தை ஒரே ஒரு நாள் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

கங்கம்மா திருமலைப் பெருமாளுக்குத் தங்கை என்பது ஊர் முறை. ஜாத்திரைக்கு மலையிலிருந்து சேலையும் மஞ்சள் குங்குமமும் சீராக இறங்கி வரும். அந்த அண்ணனும் பெண் வேஷம் போடுவதில் பின்வாங்கியவர் இல்லை. பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் காலை மலையப்ப சுவாமி மோகினியாகப் பல்லக்கில் வருகிறார். பத்மாவதியைப் பெண் கேட்க, புத்தூர்ப் பக்கத்து நாராயணவனத்தில் ஆகாசராஜன் அரண்மனைக்குள் அவர் நுழைந்ததே குறி சொல்லும் குறத்தியாகத்தான் என்பது தலபுராணம். சித்தூர், புத்தூர்ப் பக்கம் திரௌபதியம்மன் கோயில் பாரதத்தில் பகலில் கதை, ராத்திரி கூத்து. அங்கே துகில் உரியப்படும் பாஞ்சாலி காலங்காலமாக ஆம்பிளைதான். ஆக, ஆண் சேலை கட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கட்ட ஒரு நாள், ஒரு காரணம், அவிழ்க்க ஒரு நேரம் இருந்தால் போதும்.

சேலை இருக்கட்டும், நூறு வருஷத்துக்கு முன் ஆண்கள் தலை எப்படி இருந்தது? பின்னாளில் தத்துவஞானியாக அறியப்பட்ட ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். 1909இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் கண்ணில் பட்டபோது அந்தப் பையனின் முன்தலை மழித்திருந்தது, பின்னால் குடுமி நீண்டு தொங்கியது. அந்தக் காலத்து ஆசாரமான வீட்டுப் பையன்கள் எல்லாருடைய தலையும் அப்படித்தான். சபையார் முதலில் செய்த வேலைகளில் ஒன்று முன்தலை மயிரை வளரவிட்டு வெள்ளைக்காரப் பையனைப் போல வாரிவிட்டது. வைதிக வீடுகளில் கிராப்பு வைத்துக்கொண்டு வந்த மகனை அப்பா வீட்டுக்குள் விட மறுத்த கதைகள் அந்தத் தலைமுறையில் ஏராளம்.

இன்று அதே குடுமியோடு ஒரு பையன் ஜூனியர் காலேஜ் வாசலில் நின்றால் கதை தலைகீழ். காதை மூடும் முடி என்றால் திருப்பிச் சலூனுக்கு அனுப்புவார்கள். "பொம்பளை மாதிரி என்னடா இது" என்பது வசவு. கொள்ளுத்தாத்தா அதே நீளத்தில் முடி வைத்திருந்தார், அதை வெட்டியதற்குத்தான் தாத்தா அடி வாங்கினார் என்பதைச் சொன்னால் பையன் நம்பமாட்டான். கூந்தலை இரண்டாகப் பிரித்து, மடித்து, ரிப்பன் கட்டி வர வேண்டும் என்ற விதி பெண்பிள்ளைகளுக்கு. ரெட்டை ஜடைக்குப் புராணம் எதுவும் கிடையாது. விடுதிக் காப்பாளர் சொன்னால் அதுவே வேதம்.

பெண்ணின் தலை பற்றிய பழைய கதை இதைவிடக் கொடியது. கணவன் செத்த பிராமணப் பெண்ணின் கூந்தலை மழித்து, ரவிக்கை இல்லாமல் ஒற்றைத் துணியைச் சுற்றி, சமையலறையோடு ஒதுக்கிவைப்பது வைதிகக் குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. கேட்டுச் செய்ததில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயசுக் குழந்தைகளுக்கும் அது காத்திருந்தது. 1886இல் பிறந்து சிறுவயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் சென்னையில் பட்டம் பெற்றுப் பிறகு விதவைச் சிறுமிகளுக்கு இல்லம் நடத்தினார். மகளின் தலையை மழிக்க ஒப்பாமல், ஊர் வாய்க்கு அஞ்சாமல் அவரைப் படிக்க வைத்த தந்தையையும் இங்கே நினைக்க வேண்டும். அந்தக் காலத்தில் திருமலைக்குத் தானாக நேர்ந்துகொண்டு மொட்டை போட்ட பெண்ணையும், வீட்டார் பிடித்து உட்காரவைத்து மழித்த பெண்ணையும் அடுத்தடுத்து நிறுத்தினால் தலை ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்தக் கட்டாயம் ஒழிந்தது, இந்த நூறு ஆண்டில் நடந்த நல்ல காரியங்களில் முதலில் சொல்ல வேண்டியது.

இப்போது திருமலையில் மொட்டை போடும் கல்யாணகட்டாவுக்குள் போய்ப் பாருங்கள். டோக்கனோடு பாதி பிளேடு கையில் கிடைக்கும். காசு கிடையாது. ஈரத்தரை, வரிசையாகச் சம்மணமிட்ட மக்கள், தண்ணீர் தெளித்து முடியை நனைக்கும் சத்தம். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலை முதலில் மொத்தமாக அறுத்து உண்டியலில் போடுவார்கள், மிச்சம் சுரண்டல்தான். பெண்களுக்குப் பெண் நாவிதர்களே இருக்கிறார்கள். முன்பு இது முழுக்க ஆண்கள் கையில் இருந்த வேலை. கூச்சப்பட்டுக்கொண்டு ஆண் நாவிதர் முன் தலை குனிந்த பெண்களுக்குத்தான் இந்த மாற்றத்தின் அருமை தெரியும். முழு மொட்டைக்கு மனசு வராதவர்கள் மூன்று கத்தரி முடி கொடுத்து வேண்டுதலை முடித்துக்கொள்வதும் உண்டு. வெளியே வந்து சந்தனம் பூசிக்கொண்டால் கல்லூரிப் பெண்ணும் பாட்டியும் ஒன்றுபோலப் பளபளப்பார்கள். தேவஸ்தானம் தினமும் அறிவிக்கும் கணக்கில் தரிசனம், உண்டியல் வசூலோடு மொட்டையும் ஒரு வரி. 20,000ஐத் தாண்டும் நாட்கள் சாதாரணம். பெண்ணின் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காத இடம் என்று நம் பக்கத்தில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் திருமலையைச் சொல்வேன். மலையிறங்கி ரேணிகுண்டாவில் ரயிலேறினால் அந்த மரியாதை பாதி குறையும். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்றால் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

அறுத்த கூந்தலுக்கு மலையோடு முடிந்துவிடாத ஒரு பயணம் உண்டு. ஏலத்தில் அது தேவஸ்தானத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டித் தருகிறது. நீண்ட பெண்முடிக்குத்தான் விலை. ஆண்களின் குட்டை முடி மலிவு விலைக்குப் போகிறது. சவுரியாகவும் விக்காகவும் கடல் கடந்த இந்த முடி ஒரு விசித்திரமான இடத்தில் சிக்கிக்கொண்டது. ஆசாரமான யூதப் பெண்கள் கல்யாணத்துக்குப் பின் சொந்த முடியை வெளியார் பார்க்கவிடக் கூடாது. பலர் விக் வைத்து மறைப்பார்கள். 2004இல் ஜெருசலேம் மதகுரு யோசெஃப் எலியாஷிவ், திருப்பதி முடி விக்கிரக வழிபாட்டில் கொடுக்கப்பட்டது, அதை அணியக் கூடாது என்று தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் விக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஒரு மதத்துப் பெண் பக்தியில் கொடுத்த கூந்தலால் இன்னொரு மதத்துப் பெண் அடக்கத்துக்காகத் தலையை மூடினாள். கூடாது என்று சொல்ல நடுவில் வந்தவர் ஓர் ஆண்.

உடைக்கு வருவோம். எந்த உடையில் மலையேறுவது என்பது முன்பு வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொண்ட விஷயம். இன்று அது டிக்கெட்டில் அச்சாகிறது. 300 ரூபாய் சிறப்பு தரிசனத்துக்கும் ஆர்ஜித சேவைகளுக்கும் ஆண் என்றால் வேட்டி மேல்துண்டு அல்லது குர்தா பைஜாமா; பெண் என்றால் சேலை, தாவணி அல்லது துப்பட்டாவோடு சுடிதார். டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் இருபாலருக்கும் கூடாது. ஆணையும் கட்டுப்படுத்துவதால் இதை நியாயமான விதி என்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2016 ஜனவரி முதல் கோயில்களில் இதே மாதிரி ஒரு விதி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவால் வந்து, அந்த மாதமே தடைபட்டது. வரிசையில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்: வேட்டியைச் சரியாகக் கட்டாத ஆணிடம் ஊழியர் "சரி பண்ணுங்க சார்" என்பார். துப்பட்டா நழுவிய பெண்ணுக்கு அறிவுரை சொல்ல முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் எல்லாரும் தயாராக இருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன் சுடிதாரே நம் ஊரில் பல அம்மாக்களுக்குச் சம்மதமில்லாத உடை என்பதும் இப்போது யாருக்கும் நினைவில்லை.

சினிமா இந்தக் கதையில் குறுக்கே புகுந்தது 2023 ஏப்ரலில். நீலம் பூசிய முகம், பட்டுச் சேலை, எலுமிச்சை மாலை என்று அல்லு அர்ஜுன் நின்ற 'புஷ்பா 2' போஸ்டர் வெளியானபோது, கங்கம்மா ஜாத்திரையை அறியாத ஊர்களிலெல்லாம் இது என்ன வேஷம் என்று கேட்டார்கள். 2024 டிசம்பர் 5இல் படம் வந்தது. சேலை கட்டுவது இப்போது வெட்கமில்லை, வீரம். நல்லதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது, கொஞ்சம் பொறுங்கள். படத்தில் சேலை கட்டிய நாயகன் கால்வேறு கைவேறாக ஆட்களைப் பந்தாடுகிறான். சேலையிலும் ஆம்பிளைதான் என்று நிரூபித்தாக வேண்டியிருக்கிறது. கங்கம்மா ஜாத்திரையில் சேலை ஆணின் திமிரை அடக்க வந்தது. படம் அந்தத் திமிருக்கே சேலை கட்டிவிட்டது.

ஜாத்திரை முடிந்து புதன்கிழமை விடியலில் அம்மனின் களிமண் முகத்தைப் பிய்த்துக் கலைத்ததும் வேஷங்களும் கலையும். லுங்கிக்குத் திரும்புகிறவனை ஊர் மறந்துவிடும். திரும்பாதவர்கள் எப்போதும் சிலர் உண்டு. சேலையை வேண்டுதலாக அல்லாமல் தன் உடையாகவே உடுத்தும் திருநங்கையரைத்தான் சொல்கிறேன். 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. பாலினத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்றது. அதற்கு முன்னும் பின்னும் அவர்களுக்கு இங்கே கிடைப்பது கொஜ்ஜா என்ற வசவு, ரயிலில் கைதட்டிக் கேட்கும் பிழைப்பு, வாடகைக்கு வீடு இல்லை என்ற பதில். சித்தூர் நடுவீதி கங்கம்மா ஜாத்திரையிலும் திருப்பதியிலும் மகனுக்குச் சேலை கட்டிவிட்டுப் பூரித்த வீட்டுக்காரர்களும் அந்தப் பதிலைச் சொல்கிறவர்களில் இருக்கிறார்கள். அம்மனுக்காகக் கட்டிய சேலையைக் கும்பிட்ட கை, அதே தெருவில் மாடிப்போர்ஷன் சாவியைத் திருநங்கை ஒருத்தியிடம் கொடுக்கட்டும். முன்பணம் எல்லாரிடமும் வாங்குவதையே வாங்கிக்கொள்ளுங்கள்.