நம்மைச் சுமக்கும் பாதங்கள்

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பார்கள் பெரியோர். அந்தச் சிரசையும் சேர்த்து எண்சாண் உடம்பையும் காலை முதல் இரவு வரை சுமப்பவை நம் இரு பாதங்களே. முகத்தை நாளுக்குப் பத்து முறை கண்ணாடியில் பார்க்கும் நாம், உள்ளங்காலைக் கடைசியாக என்று பார்த்தோம்? முள் தைத்த அன்றுதான்!

பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஆயினும் அதன் பெரும்பகுதியில் ஆழம் மிகக் குறைவு. ஆதலால் இங்கே மீன்பிடித் தொழில் படகால் மட்டுமல்ல, காலாலும் நடைபெறுகிறது. இருளர் குலப் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வேறு பல தாய்மார் கரையில் மணிக்கணக்காக நின்று மீனைத் தரம் பிரித்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடக்கிறார்கள். காலில் புண் வந்தால் அன்றைய கூலி இல்லை. எனவே ஏரிக்கரைக் குடும்பங்களுக்குக் கால் பராமரிப்பு என்பது அழகுக் குறிப்பு அல்ல, அது வயிற்றுப்பாடு.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. உடம்பில் மொத்தமுள்ள 206 எலும்புகளில் கால் பங்குக்கு மேல் இரண்டு பாதங்களில் மட்டும் இருக்கின்றன! குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லுக்கு நாண் பூட்டியது போல் ஓர் உறுதியான தசைநார்ப் பட்டை செல்கிறது. நெடுநேரம் நிற்பதாலும் பாரம் சுமப்பதாலும் இது நைந்து போகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துவது போல் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். அதற்கு எளிய பயிற்சி உண்டு. படுக்கையை விட்டு எழுமுன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை நீட்டியபடி நம் பக்கம் மெல்ல இழுத்து, முப்பது எண்ணும் வரை பிடிக்க வேண்டும். இதை மூன்று முறை செய்யலாம். வேலைக்கு நடுவே சிறிது நேரம் உட்காருவதும், கடினமான தரையில் செருப்போடு நிற்பதும் நல்லது.

உப்பு நீரில் ஊறி வெயிலில் காயும் கால் வறண்டு பித்தவெடிப்பு காண்கிறது. ஈரம் காயாத விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. இரவில் நல்ல தண்ணீரில் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் அறுப்பது கூடவே கூடாது.

சேற்றுக்குள் இருக்கும் சிப்பி ஓட்டின் விளிம்பு கத்தியைப் போல் வெட்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, துணி கட்டி, ரணஜன்னி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு, புகையிலை, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. கெளுத்தி முள்ளோ திருக்கை வாலின் முள்ளோ குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி தணியும். குத்துப்படாத காலாலோ உடனிருப்பவர் கையாலோ சூட்டைச் சோதித்த பிறகே வைக்க வேண்டும். முள் முறிந்து உள்ளே தங்கியிருந்தால் மருத்துவரிடம் செல்வதே வழி. நீரில் நடக்கும்போது அடியைத் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்து நடந்தால், திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும்.

வலிக்கும் காலை விட ஆபத்தானது வலிக்காத கால். எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டிக்குச் சிப்பி வெட்டிய புண் ஒன்று இருந்தது. "வலியே இல்லையே, என்ன செய்துவிடும்?" என்று மூன்று வாரம் அதோடு ஏரியில் இறங்கினார். பிறகுதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அதற்குள் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை நோய் முற்றினால் பாத நரம்புகள் உணர்விழக்கும். இரத்த ஓட்டமும் குறையும். மேலும், வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ கிருமிகளில் ஒருவகை புண் வழியே நுழைந்தால், சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவினாலும், காய்ச்சல் கண்டாலும், கொப்புளம் எழுந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உணர்வற்ற காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, வெந்துபோனாலும் தெரியாது.

இந்த உண்மையை உலகுக்கு விளங்கச் செய்தவர்களுள் ஒருவர் நம் தமிழ்நாட்டில் பணிபுரிந்தவர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வின்மையால் காயம் மேல் காயம் பட்டே அழிகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவர்களுக்காக மென்மையான ரப்பர் செருப்புகளும் உருவாக்கப்பட்டன. வலியை ஒரு கொடை என்றே அவர் எழுதினார்.

மாணவிகளாகிய நமக்கும் கடமை உண்டு. காலுறையைத் தினமும் துவைப்போம். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரலளவு இடம் இருக்கும்படி காலணி வாங்குவோம். நகத்தை நேராக வெட்டுவோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. பெரிய வியாழனன்று ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை ஆலயத்தில் நினைவுகூருகிறோம். இன்றிரவு வீட்டில் அம்மாவின் பாதங்களை, பாட்டியின் பாதங்களை நாம் கழுவித் துடைப்போம். விளக்கைப் பக்கத்தில் வைத்து, உள்ளங்காலில் வெட்டோ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்ப்போம். "ஒன்றுமில்லை, விடு" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அப்போதும் பார்ப்போம்.