அழகு நிலையங்களில் மளிகைக் கடைக்கு என்ன பங்கு?

செஞ்சியில் நாம் மொத்த வியாபாரம் தொடங்கிய நாளில், பெண்களின் அலங்காரச் சாமான் முழுவதும் ஒரு மளிகைக் கடையின் இரண்டு தட்டில் அடங்கிவிடும். சீயக்காய், பயத்த மாவு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, சாந்துப் பொட்டு, கண் மை, தேங்காய் எண்ணெய், ஒரு டப்பா பவுடர். இன்று அதே வீட்டில் கல்யாணம் என்றால், மணப்பெண் அலங்காரத்துக்கு என்று தனியாக ஒரு தொகை எடுத்து வைக்கிறார்கள். சில வீடுகளில் அந்தத் தொகை விருந்துக்கு வாங்கும் அரிசிக் கணக்கைத் தொட்டு நிற்கிறது. அதில் நம் கல்லாவுக்கு வருவது எவ்வளவு என்று கேட்டால், பல கடைகளில் ஒன்றும் இல்லை என்பதே பதில்.

மேல்சித்தாமூரிலிருந்து நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் அண்மையில் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவர் தெருவில் ஒரு பெண் வீட்டின் முன்னறையில் பார்லர் திறந்திருக்கிறார். மருதாணித் தூள் கிலோக் கணக்கில் வேண்டும், ஒரு மாதக் கடனும் வேண்டும் என்கிறாராம். "சரக்கு வைக்கலாமா? கடன் கொடுக்கலாமா?" என்று கேட்டார். நம் உறுப்பினர்களில் பலருக்கும் இதே கேள்வி வந்திருக்கும், அல்லது வரப்போகிறது.

இந்தத் தொழிலின் வரலாற்றில் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர்தான் பவுடரையும் உப்பையும் சிறு பொட்டலமாக்கி விற்றால் கூலி வேலை செய்பவரும் வாங்குவார் என்று கண்டவர். அவருடைய மக்கள் வெல்வெட் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் பிரபலமாக்கினார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தனியாகச் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். தந்தையின் பெயரெழுத்துக்களே சிக் ஆயிற்று. எந்தக் கம்பெனியானாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அவர் அறிவித்ததை அக்காலத்து வியாபாரிகள் மறக்க மாட்டார்கள். பிறகு, காலிப் பாக்கெட்டும் சிக்காகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார். அதற்குள் வாடிக்கை பிடித்துவிட்டது. 1999 வாக்கில் 50 காசுப் பாக்கெட்டும் வந்தது. கிராமத்துப் பெட்டிக்கடை வரை ஷாம்புச் சரம் தொங்கத் தொடங்கியது இப்படித்தான். பெரிய கம்பெனிகள் எல்லாம் கடலூர்க்காரர் காட்டிய வழிக்கு வந்து சேர்ந்தன.

அப்போது அழகுப் பணம் நம் கடைக்குள் வந்தது. பாட்டில் வாங்க வசதியில்லாதவரும் வாரம் ஒரு பாக்கெட் வாங்கினார். லாபம் சொற்பம்தான். ஆனால் சரத்துக்குக் கை நீட்டியவர் பருப்பும் புளியும் சேர்த்து வாங்கிப் போனார்.

அடுத்த அடியை எடுத்து வைத்ததும் அதே குடும்பம்தான். ரங்கநாதனின் சகோதரர் சி.கே. குமரவேலும் அவர் மனைவி வீணா குமரவேலும் 2000-ல் சென்னையில் நேச்சுரல்ஸ் அழகு நிலையத்தைத் தொடங்கினார்கள். ரங்கநாதனின் கெவின்கேர் நிறுவனமும் கிரீன் டிரெண்ட்ஸ் என்ற பெயரில் இதே தொழிலில் இறங்கியது. பாக்கெட் விற்ற வீட்டார் ஏன் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும் என்று நாம் யோசித்துப் பார்க்கவில்லை. ஷாம்புவின் விலை சில ரூபாய். அதே ஷாம்புவைப் போட்டு, அலசி, உலர்த்தி, சீவி விடுவதற்குக் கிடைப்பது அதைப்போல் பல மடங்கு. சரக்கில் இருந்த லாபம் கைவேலைக்கு மாறிவிட்டது. சென்னையில் தொடங்கிய இந்த மாற்றம் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்று இறங்கி, இப்போது மேல்சித்தாமூர் போன்ற ஊர்களின் தெருவுக்கே வந்திருக்கிறது.

இது எதுவரை போகும் என்று பார்க்கத் துபாயைக் கவனிக்கலாம். நம் பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போய் வருகிற குடும்பங்கள் உண்டு என்பதால் அந்த ஊர் நமக்குப் புதிதல்ல. 1975 கணக்கெடுப்பில் அங்கே 2 லட்சம் பேர்கூட இல்லை. 2005-ல் 13 லட்சம். 2024-ல் 38 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பாலைவனத்து மணலில் இத்தனை வேகமாக வளர்ந்த ஊரில், வந்து குடியேறியவர்களே மிகப் பெரும்பான்மை. பாட்டியும் அத்தையும் பக்கத்தில் இல்லாத வீடுகள். கல்யாணத்துக்கோ பெருநாளுக்கோ மருதாணி இட்டுவிட வீட்டில் ஆள் கிடையாது. பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். குடிநீராக்கிய கடல் நீரில் குளித்து முடி கொட்டுகிறது என்ற புலம்பல் வேறு. ஆகவே தெருவுக்குத் தெரு அழகு நிலையம் இருக்கிறது. பெண்களுக்கான நிலையத்தில் ஆண் நுழைய முடியாது. உரிமமே தனி. வேலை செய்பவர் உடல்நலச் சான்று அட்டை வைத்திருக்க வேண்டும். கருவிகளைச் சுத்தம் செய்திருக்கிறார்களா என்று மாநகராட்சி ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். பெருநாளுக்கு முந்திய இரவுகளில் மருதாணிக்கு வரிசையில் காத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் அதே காரணங்கள்தாம் சிறு அளவில் வேலை செய்கின்றன. மாமியார் ஓர் ஊரில், மருமகள் ஓர் ஊரில். சிப்காட் கம்பெனிக்கும் துணிக்கடைக்கும் வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் மாதச் சம்பளம் இருக்கிறது, அரைத்துப் பூச நேரம் இல்லை. இதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் மூத்த வியாபாரிகள் நம்மில் உண்டு. சலிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம்.

பார்லர்காரருக்கு வேண்டிய சரக்கில் பாதி நம் கடையில் ஏற்கெனவே இருக்கிறது. முகப் பூச்சுக்குக் கடலை மாவு, பயத்த மாவு, கஸ்தூரி மஞ்சள், முல்தானி மட்டி, ரோஜா இதழ்ப் பொடி, தேன், பன்னீர். தலைக்கு வெந்தயம், நெல்லி முள்ளி, கரிசலாங்கண்ணிப் பொடி, நல்லெண்ணெய். புருவம் திருத்தப் பருத்தி நூல். பஞ்சு, சிறு துண்டு, கை துடைக்கும் தாள், பினாயில், சோப்புத் தூள். இவற்றை அவர்கள் இப்போது எங்கே வாங்குகிறார்கள்? நகரத்திலிருந்து வேனில் வருகிற ஏஜெண்டிடம், அல்லது கைபேசியில் சொல்லி அனுப்பி. பக்கத்துக் கடைக்காரர் இருக்க, வேன்காரருக்கு ஏன் போகிறார்கள் என்று இரண்டொருவரிடம் விசாரித்தோம். "கடையில் கேட்டால் இல்லை என்கிறார்கள், அல்லது பழைய சரக்கைத் தட்டிக் கொடுக்கிறார்கள்" என்றார்கள். கஸ்தூரி மஞ்சள் கேட்டால் சமையல் மஞ்சளைக் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு. சமையல் மஞ்சள் முகத்தில் கறை பிடிக்கும். ஒரு வாடிக்கையாளர் முகம் மஞ்சளாகிப் போனால், பார்லர்காரர் அந்தக் கடைப் பக்கம் மறுபடி வரமாட்டார்.

மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம் இருப்பதால் சமணக் குடும்பங்களின் வாடிக்கை அங்கே உள்ள கடைகளுக்குப் பழக்கம். சோப்பில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கும் வீடுகள் அங்கே உண்டு. அப்படிக் கேட்டு விற்றுப் பழகிய கடைக்காரருக்குப் பார்லர் சரக்கு விற்பது கடினமல்ல. அதற்கும் அதே கவனம்தான் வேண்டும்.

இனி மருதாணி. இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாட்டின் மருதாணித் தூளுக்குத் தலைமை இடம் ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத். மழை குறைந்த, பாலைவனத்தை ஒட்டிய பூமி. அந்த வறட்சியில்தான் இலையில் சாயம் நன்றாக ஏறும் என்பார்கள். சோஜத் மருதாணிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துபாய்ப் பெண்களின் கைக்குப் போவதும் அங்கிருந்து ஏற்றுமதியாகும் தூள்தான். நல்ல தூள் மங்கிய பச்சையாக, வைக்கோல் மணத்துடன் இருக்கும். பளிச்சென்ற பச்சை என்றால் சாயம் கலந்ததோ என்று சந்தேகப்பட வேண்டும். விரலில் தேய்த்தால் நெறுநெறுவென்றிருந்தால் மணல். வெளிச்சத்திலும் ஈரத்திலும் வைத்தால் சில மாதத்தில் நிறம் போய்விடும். இழப்பு அவ்வளவோடு நிற்கும்.

ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. சுத்தமான மருதாணி ஆரஞ்சாகப் பிடித்து, ஒன்றிரண்டு நாளில் அரக்குச் சிவப்பாகும். அதற்குக் கருப்பாகும் குணம் கிடையாது. அரை மணியில் கருகருவென்று பிடிக்கும் 'கருப்பு மருதாணி' என்றால், தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனத்தைக் கலந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். தோலில் பட்டுக் கொப்புளம் கிளம்பி, கோலம் போட்ட வடிவிலேயே தழும்பு நின்றவர்கள் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், வாழ்நாள் முழுதும் தலைச்சாயம் தொட முடியாதபடி ஆவதும் உண்டு. துபாய் மாநகராட்சி இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்து, அழகு நிலையங்கள் பயன்படுத்தக் கூடாது என்று நடவடிக்கை எடுத்தது. நம் ஊர்த் திருவிழாக் கடைகளிலோ முகவரி இல்லாத கோன்கள் தாராளமாகப் போகின்றன. நாளை முகூர்த்தம், இன்று மணப்பெண்ணின் கை கொப்புளம் என்றால், பார்லர்காரர் பெயர் கெடும். சரக்குக் கொடுத்த கடைக்காரர் பெயரும் சேர்ந்து கெடும்.

சட்டமும் நம்மை விடாது. அழகுச் சாதனம் தயாரிக்கத்தான் உரிமம் வேண்டும், விற்கத் தனி உரிமம் தேவையில்லை. இதனால் பலர் நமக்குப் பொறுப்பே இல்லை என்று நினைக்கிறார்கள். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுச் சாதனச் சட்டப்படி போலிச் சரக்கை விற்பவரும் குற்றவாளிதான். கேட்டால், யாரிடம் வாங்கினோம் என்று சொல்லியாகவும் வேண்டும். ஆகவே மருதாணித் தூள், கோன், தலைச்சாயம் எதுவானாலும் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதித் தேதி இருக்கும் சரக்கை மட்டும் எடுத்து, கொள்முதல் பில்லைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பி.பி.டி. உள்ள தலைச்சாயத்தில் எச்சரிக்கை வாசகம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அது இல்லாத பாக்கெட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய், குளியல் சோப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 5 ஆகக் குறைந்தது. அழகு நிலையச் சேவைக்கும் 5 சதவீதமே, ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாங்கும் சரக்குக்குக் கொடுத்த வரி அவர்களுக்கு அடக்கத்தில் சேர்ந்துவிடும் என்று பொருள். எனவே அவர்கள் விலை பார்த்துத்தான் வாங்குவார்கள். வண்டிக் கூலி இல்லாமல் பக்கத்திலேயே கொடுக்கும் கடைக்கு இது சாதகம்.

கடைசியாகக் கடன். "பெண் பிள்ளை நடத்துகிற கடை, திரை போட்டிருக்கிறது, உள்ளே போய் வசூல் கேட்கவும் முடியாது" என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வசூலுக்கு உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை, சரக்கு எடுக்க அவர்தானே நம் கடைக்கு வருகிறார். இவர்களில் பலர் மகளிர் குழுவில் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள். வாரத் தவணை தவறாமல் கட்டிப் பழகியவர்கள். நம்மிடம் நிலுவை வைத்திருக்கும் சில பெரிய மனிதர்களைவிட அவர்கள் கணக்கு ஒழுங்காக இருப்பதைக் கண்டிருக்கிறோம்.

ஆனால் தவணைக் காலத்தை அவர்கள் தொழிலின் போக்கறிந்து வைக்க வேண்டும். விவசாயிக்குக் கடன் கொடுக்கும்போது மல்லாட்டை கமிட்டிக்குப் போகும் நாளைக் கணக்கிட்டுத்தானே கொடுக்கிறோம்? பார்லருக்கு முகூர்த்தம்தான் அறுவடை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் கையில் காசு புரளும். ஆடி, புரட்டாசி, மார்கழி காய்ந்து கிடக்கும். ஆனி மாதக் கடைசியில் பெரிய கடன் கொடுத்துவிட்டு ஆடியில் வசூலுக்கு நின்றால் நடக்காது. முகூர்த்த மாதத்தில் 15 நாள் தவணை, பழைய பில் அடைத்த பிறகு புதிய பில். காய்ந்த மாதத்தில் ரொக்கத்துக்குச் சிறு தள்ளுபடி. முதல் பற்று, கெட்டுப்போனாலும் நாம் தாங்கக்கூடிய தொகையாக இருக்கட்டும். மேல்சித்தாமூர்க்காரருக்கு நாம் சொன்னதும் இதுதான். அவர் ஒரு கிலோ தூளும் இரண்டு கிலோ பயத்த மாவும் முதலில் கொடுத்துப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனார்.

சோஜத்தில் புதிய இலை அறுவடை புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி நடக்கிறது. அதன் பிறகு வரும் தூளை வாங்கினால் தை, மாசி முகூர்த்தத்துக்கு நிறம் குறையாமல் இருக்கும். தனிக் கடையாக ஒரு மூட்டை எடுத்தால் தேங்கும். ஐந்தாறு கடைக்காரர்கள் சேர்ந்து எடுத்தால் ஒருவருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வராது, லாரிக் கூலியும் பங்காகும். பில்லோடு, தயாரிப்பாளர் முகவரியோடு வரும் சரக்கை மட்டுமே எடுப்பதாக உத்தேசம். வேண்டும் உறுப்பினர்கள் எத்தனை கிலோ என்பதை ஆவணி மாதத்துக்குள் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.