நாய்க்கு ஓர் இடம், ஒரு நேரம்

விடியற்காலையில் சென்னைத் தெருக்களில் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. வீட்டு நாய்கள் வாக்கிங் கிளம்புகின்றன. அவை திரும்பிய சற்று நேரத்தில் தூய்மைப் பணியாளர்கள் துடைப்பமும் வண்டியுமாக வருகிறார்கள். நாய் விட்டுப்போனதை அவர்கள் அள்ளுகிறார்கள், பல சமயம் கையுறைகூட இல்லாமல். வாசல் தெளிக்கவும் கோலம் போடவும் பெண்கள் வெறுங்காலோடு தெருவில் இறங்குவதும் அதே வேளையில்தான். நாய் வளர்ப்பவர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் உண்மைக் காரணம் அதைவிடச் சிறியது, சரிசெய்யக் கூடியது. நடந்துகொண்டே போகும் நாய் எங்கே உட்காரும் என்று கூட்டிப்போகிறவருக்குத் தெரியாது. தெரியாததால் அவர் தயாராக இருப்பதில்லை. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் அது உட்கார்ந்துவிட்டால், நின்று அள்ளுவதற்குக் கூச்சப்பட்டு லீஷை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். வீட்டைவிட்டு இறங்கியதும் குறிப்பிட்ட ஓரிடத்தில் மலமும் சிறுநீரும் கழித்துவிட்டு, அதன் பிறகே வாக்கிங் போக வேண்டும் என்று நாயைப் பழக்கினால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தெரு சுத்தமாகத் தெரிவது இதில் கிடைக்கும் கூடுதல் லாபம் மட்டுமே. குழந்தைகளின் கண்ணும், வெறுங்காலோடு நடப்பவர்களின் உடல்நலமும், நாய்களின் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

புழுக்கள் தரும் அவகாசம்

டாக்சோகாரா கேனிஸ் என்னும் உருண்டைப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும்போது யாருக்கும் நோய் தரும் நிலையில் இருப்பதில்லை. மண்ணில் கிடந்து, ஓட்டுக்குள் இளம்புழு வளர்வதற்கு ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் மலம் காய்ந்து உதிர்ந்து, மழையில் கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். முட்டைகளோ தடித்த ஓட்டின் பாதுகாப்பில் ஆண்டுக்கணக்கில்கூட அதே மண்ணில் உயிரோடு இருக்கும். அங்கே விளையாடும் குழந்தை மண் படிந்த கையை வாயில் வைத்தால் முட்டை உள்ளே போய்ப் பொரிகிறது. மனித உடலில் அந்தப் புழு முழு வளர்ச்சி அடைய முடியாது. ஆனால் இளம்புழு ஈரல், நுரையீரல் என்று அலையும். அரிதாகக் கண்ணுக்குள் புகுந்து விழித்திரையில் தழும்பை உண்டாக்கி, அந்தக் கண்ணின் பார்வையையே எடுத்துவிடுவதும் உண்டு.

கொக்கிப்புழு இவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அதன் முட்டை ஓரிரு நாளிலேயே பொரிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் இளம்புழு தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். வெறுங்காலின் விரலிடுக்கிலோ பாதத்தின் ஓரத்திலோ அது நுழைந்தால், தோலுக்கடியில் நூல் இழை போலச் சிவந்த கோடு ஒன்று வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீளும். அரிப்பு தூங்கவிடாது. மணலில் உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு இதே கோடு தொடையிலும் வரும். நாயிடமிருந்து வரும் கொக்கிப்புழுக்களில் பெரும்பாலானவை மனிதனின் தோலோடு நின்றுவிடும். தெற்காசியாவில் பரவலாக உள்ள ஆன்சைலோஸ்டோமா சைலானிக்கம் என்ற வகை மட்டும் மனிதக் குடலிலும் குடியேறி ரத்தம் உறிஞ்சும்.

இந்த இரண்டு புழுக்களின் வாழ்க்கையும் நமக்கு ஒரு சலுகையைத் தருகிறது. மலம் புதிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். ஒரு வாரம் கழித்து அந்த இடத்தை எத்தனை முறை கூட்டினாலும் மண்ணில் இறங்கிவிட்ட முட்டைகளைப் பொறுக்க முடியாது. ஆகவே யார் எடுப்பது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது: அந்த நிமிடத்தில் அங்கே நிற்பவர் ஒருவர்தான், லீஷைப் பிடித்திருப்பவர்.

மாத்திரை கொடுத்துவிட்டோமே?

நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் முதல் சமாதானம் இதுதான். குடற்புழு நீக்க மருந்து அவசியம். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு உருண்டைப்புழு தொற்றிவிடுவதால், பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே மருந்து தொடங்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மருந்து கொல்வது அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுக்களை மட்டும்தான். மறுநாள் தெருவில் முகர்ந்து நக்கும்போது நாய் புதிய முட்டைகளை விழுங்கலாம். அவை வளர்ந்து மீண்டும் முட்டையிட நான்கைந்து வாரம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து பெறும் நாய்கூட இடையில் பல வாரம் முட்டைகளை வெளியேற்றிக்கொண்டிருக்கக் கூடும்.

மேலும் மாத்திரைக்கும் பார்வோ வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. 1978ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. தடுப்பூசி முடியாத குட்டிக்கு அந்த மண்ணை ஒருமுறை முகர்வதே ஆபத்து. ரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக ஒரு சில நாளில் உயிரே போய்விடும். சிறுநீரின் கதை வேறு. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியைப் பெரும்பாலும் எலிகள்தான் பரப்புகின்றன. ஆனால் தொற்றிய நாயும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், அதைச் சிறுநீரில் வெளியேற்றும். மழைக்காலத்தில் முழங்கால் நீரில் நடக்கும் ஊரில் இது அலட்சியப்படுத்தக் கூடிய செய்தி அல்ல. ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் லெப்டோஸ்பைராவும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மலத்தை அள்ளிவிடலாம், சிறுநீரை அள்ள முடியாது. அதனால்தான் இடம் முக்கியமாகிறது. இந்தக் கிருமி ஈரத்தில் பிழைக்கும், வெயிலில் காய்ந்தால் சாகும். நீர் தேங்காத, வெயில் படுகிற, குழந்தைகள் விளையாடாத ஒரு மண்தரை போதும்.

நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

நாயின் குடலுக்கு ஒழுங்கு பிடிக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால்மணி அல்லது அரைமணி நேரத்திலும், ஓடியாடி விளையாடிய பிறகும் அதற்குப் போக வேண்டியிருக்கும். கிண்ணத்தில் நாள் முழுக்க உணவு வைத்திருக்கும் வீட்டில் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். குறித்த நேரத்தில் உணவு வைத்து, மிஞ்சியதை எடுத்துவிட்டால், கழிக்கும் நேரமும் தானாகவே படிந்துவிடும். அடுத்தது இடம். வாசலிலிருந்து ஒரு நிமிட நடையில், யார் வீட்டுக் கேட்டுக்கும் எதிரில் இல்லாத மண்ணோ புல்லோ உள்ள மூலை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தினமும் நேராக அங்கேயே போய் லீஷைக் குறுக்கிப் பிடித்து நிற்க வேண்டும். நடக்கக் கூடாது, செல்போனைப் பார்க்கவும் கூடாது. நாய் தரையை முகர்ந்து ஒரே வட்டத்தில் சுற்றும், வாலின் அடிப்பகுதி லேசாக உயரும், பின்னங்கால்கள் மடியும். அது தொடங்கும் நொடியில் மெதுவாக ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் குழந்தைக்குச் சொல்லும் ‘உச்சா’, ‘ஆய்’ என்பவையே போதும், வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொன்னால் சரி. முடித்த இரண்டு நொடிக்குள் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. வீட்டுக்கு வந்து கொடுக்கும் பரிசை நாய் கழித்ததோடு சேர்த்துப் பார்க்காது, வீடு திரும்பியதற்கான பரிசாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

உண்மையான பரிசு அதற்குப் பிறகுதான் வருகிறது: வாக்கிங். பெரும்பாலான வீடுகளில் தலைகீழாக நடப்பது இந்த இடத்தில்தான். நாயை நடக்க வைக்கிறார்கள், அது கழித்ததும் வேலை முடிந்தது என்று உடனே வீட்டுக்கு இழுத்துவருகிறார்கள். கழித்தால் ஊர்சுற்றல் முடிந்துவிடும் என்று நாய் புரிந்துகொள்கிறது. ஆகவே அடக்கி வைத்து, தெருக்கோடிவரை போய், கடைசியில் யாரோ ஒருவர் வாசலில் உட்காருகிறது. ஐந்து நிமிடம் நின்றும் அது போகவில்லையென்றால் கோபப்படாமல் வீட்டுக்கு அழைத்துவந்து, கண்பார்வையிலேயே வைத்திருந்து, கால்மணி கழித்து மீண்டும் அதே இடத்துக்குப் போக வேண்டும். அது கழித்த பிறகு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டாலும் பத்து நிமிடமாவது நடக்க வைக்க வேண்டும். சில வாரங்களில் நாயே அந்த மூலைக்கு நம்மை இழுத்துப்போகும்.

அடித்தால்தான் அடங்கும் என்பவர்களுக்கு ஒரு பதில். வீட்டுக்குள் கழித்ததற்காக அடிவாங்கிய நாய், வீட்டுக்குள் கழிக்கக் கூடாது என்று கற்பதில்லை, மனிதர் பார்க்கும்போது கழிக்கக் கூடாது என்றுதான் கற்கிறது. லீஷின் மறுமுனையில் அதே மனிதர் நிற்கும்போது அது எப்படிப் போகும்? வீடு திரும்பியதும் சோபாவுக்குப் பின்னால் போகும். அங்கே ஃபீனைல் ஊற்றினால் வாடை மறைவது நம் மூக்குக்குத்தான். தரையில் பட்ட பாதத்தை நக்கும் நாய்க்கு அது நஞ்சாகவும் ஆகலாம். என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைப்பதே சரி.

குட்டிகளுக்கு ஒரு தனிக் கவனிப்பு வேண்டும். எட்டு ஒன்பது வார வயதிலேயே காலுக்கடியில் எந்தத் தரை இருந்தால் கழிக்கலாம் என்ற விருப்பம் அவற்றுக்குப் படிந்துவிடுகிறது. தடுப்பூசிகள் முடிய நான்கு மாதம் ஆகிவிடுவதால் அதுவரை தெருமண்ணில் விடவும் முடியாது. அந்த மாதங்களில் பால்கனி டைல்ஸில் பழகிய குட்டி, பிறகு தெருவில் ஒரு மணி நேரம் நடந்தாலும் போகாது. அகலமான தட்டில் மண்ணோ மணலோ நிரப்பி அதில் பழக்கிவிட்டு, வெளியே போகத் தொடங்கும்போது அந்த மண்ணில் ஒரு பிடியைப் புதிய இடத்தில் தூவினால் குட்டிக்கு இடம் பிடிபட்டுவிடும்.

கம்பம், டயர், கேட்

ஆண் நாய் கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்குவது வேறு விஷயம். சிறுநீர்ப்பை காலியாவது முதல் முறையில்தான், பிறகு சொட்டுச் சொட்டாக விடுவது மற்ற நாய்களுக்கு விட்டுப்போகும் அடையாளம். முதல் இடத்தில் நன்றாக முடித்த நாயை, கேட்டுகளையும் வண்டி டயர்களையும் கடக்கும்போது நிற்கவிடாமல் நடத்திப்போவதில் கொடுமை ஒன்றும் இல்லை. மரத்தடி ஒன்றிரண்டை அதற்கென்று அனுமதிக்கலாம். கருத்தடை செய்த ஆண் நாய்களில் பலவற்றுக்கு இந்தப் பழக்கம் குறைகிறது.

அள்ளுகிறவர் கண்ணில் படுவது

இடம் நிச்சயமாகிவிட்டால் அள்ளுவது எளிது. நாய் பின்னங்காலை மடிக்கும்போதே இரண்டாக மடித்த செய்தித்தாளை அடியில் நகர்த்திவிடலாம். மலம் மண்ணைத் தொடுவதே இல்லை. அப்போது இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. அள்ளுகிறவர் தினமும் அதைப் பார்க்கிறார். மலத்தின் மேல் வெள்ளரி விதை போன்ற வெளிறிய துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. நாயின் மேல் தெள்ளுப்பூச்சி இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். தார் போலக் கறுத்திருந்தால் குடலின் மேற்பகுதியில் ரத்தம் கசிகிறது. சளி படர்ந்திருந்தால் பெருங்குடலில் அழற்சி. சிறுநீர் காபி நிறத்தில் வந்தால் உண்ணி பரப்பும் பபீசியா காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஆண் நாய் காலைத் தூக்கி முக்கியும் சொட்டு வராமல் நின்றால் அது நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாத அவசரம். தெருக்கோடியில் இருட்டில் கழித்துவிட்டு வரும் நாயிடம் இவை எதையும் யாரும் பார்ப்பதில்லை.

தெருநாய்கள் இருக்கும்போது நாங்கள் மட்டுமா?

சென்னையில் 2024 கணக்கெடுப்பின்படி சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் உள்ளன. அவற்றின் கழிவை யார் எடுக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்குக் கருத்தடை, தடுப்பூசி என்று அரசு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஆனால் தெருநாய்க்கு லீஷ் பிடிக்க ஆள் இல்லை, வீட்டு நாய்க்கு இருக்கிறார். மண்ணில் முட்டைகள் எத்தனை என்பது ஒரு கூட்டுக்கணக்கு. அதில் நம்மால் கழிக்க முடிந்த பங்கு வீட்டு நாயின் பங்கு. தெருக்குட்டிகளுக்கு நாம் பார்வோவைப் பரப்பாமல் இருப்பதும் அதில் சேரும்.

மாநகராட்சிதானே செய்ய வேண்டும் என்ற வாதத்தைப் பாரிஸ் சோதித்துப் பார்த்துவிட்டது. அங்கே 1980களில், மலத்தை உறிஞ்சும் கருவி பொருத்திய மோட்டார் சைக்கிள்களை நகராட்சி தெருவில் ஓடவிட்டது. செலவு எகிறியது, நடைபாதைகள் சுத்தமாகவில்லை. 2000களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டு, எடுக்காத உரிமையாளருக்கு அபராதம் என்ற வழிக்கு வந்தார்கள். நியூயார்க்கில் 1970களில் ஃபிரான் லீ என்ற பெண்மணி டாக்சோகாராவால் குழந்தைகளுக்கு வரும் ஆபத்தைச் சொல்லியே பெரிய விவாதத்தைக் கிளப்பினார். அங்கே 1978 ஆகஸ்ட் 1 முதல், நாயைக் கூட்டிவருபவரே அள்ள வேண்டும் என்பது சட்டமானது. மக்கள் நாய்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அப்போதும் அஞ்சினார்கள். இன்று அந்த ஊரில் நாயோடு நடப்பவர் கையில் பை இருப்பது சாதாரணக் காட்சி.

இயற்கை உரம்தானே என்பாரும் உண்டு. சாணத்தோடு இதை ஒப்பிட முடியாது. இறைச்சி உண்ணும் விலங்கின் மலத்தில் மேலே சொன்ன ஒட்டுண்ணிகள் இருக்கலாம். வீட்டுத் தொட்டி உரத்தில் அவற்றின் முட்டைகளைக் கொல்லும் அளவு வெப்பம் எழுவதில்லை.

எடுத்ததை எங்கே போடுவது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருப்பதால் செய்தித்தாளே நமக்கு ஏற்றது. மலத்தை வீட்டுக் கழிப்பறையில் தள்ளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, காகிதத்தை இன்னொரு தாளில் சுற்றிக் குப்பையில் போடலாம். உரமாகப் போகும் மக்கும் குப்பையில் சேர்க்கக் கூடாது, அதைக் கையால் தரம்பிரிக்கும் பணியாளர் இருக்கிறார். மழைநீர் வடிகாலில் தள்ளவே கூடாது, அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமலே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போகிறது. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குனிய முடியாத முதியவர்கள் நீளப்பிடி முறமும் சிறு துடைப்பமும் வைத்துக்கொள்ளலாம். நாயைக் கூட்டிப்போவது வாட்ச்மேனோ வீட்டுவேலை செய்யும் அக்காவோ என்றால், காகிதத்தையும் கையுறையையும் அவர்களுக்குக் கொடுப்பதோடு, கழிப்பதற்குப் பத்து நிமிடம், நடப்பதற்கு இருபது நிமிடம் என்று நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை இந்தப் பழக்கத்தைக் குலைக்கக் கூடியது. பல நாய்கள் நனைந்த தரையில் கால் வைக்காது, நாள் முழுக்க அடக்கிக்கொண்டு சிறுநீர்ப்பையைக் கெடுத்துக்கொள்ளும். அடுக்குமாடியில் சங்கத்திடம் கேட்டு, கார் நிறுத்துமிடத்தில் சாரல் படாத ஒரு மூலையில் மணல் தொட்டி வைத்து, செப்டம்பரிலேயே வாரத்துக்கு இரண்டு முறை அங்கேயும் அதே சொல்லைச் சொல்லிப் பழக்கிவிட்டால் நவம்பரில் தவிக்க வேண்டியதில்லை. மலத்தை அவ்வப்போது எடுத்துவிட்டு, மணலை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.