சிறிய ஃப்ளாட்டில் பெரிய குடும்பம்

திருப்பதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. சாதாரண நாளில் வீட்டில் நான்கு பேர். புரட்டாசியில் பத்துப் பேர். காஞ்சிபுரத்துச் சித்தப்பா, சென்னைச் சம்பந்தி, வேலூர் அக்கா மகள் என்று தரிசனத்திற்கு வருகிறவர்களை லாட்ஜுக்குப் போங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? சித்தூரில் திண்ணையும் முற்றமும் வைத்த வீட்டை விட்டு இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு வந்தவர்கள் "இடம் போதவில்லை" என்று குறைப்படுவது இதனால்தான்.

ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஸ்லீப்பர் பெட்டி. பெரம்பூர் ஐ.சி.எஃப். வடிவமைப்புப் பெட்டியின் வெளி அகலமே 10 அடி 8 அங்குலம்தான். அதில் 72 பேர் படுத்துறங்குகிறார்கள். நடுப்படுக்கை பகலில் முதுகுக்குச் சாய்மானம். பக்கவாட்டு இருக்கைகள் இரண்டும் இரவில் ஒரே படுக்கை. சாமான்கள் பலகைக்கு அடியில். ஓர் இடத்திற்கு இரண்டு வேலை கொடுப்பதே சூத்திரம். வீட்டிலும் சோபா செட்டுக்குப் பதிலாக அடியில் இழுப்பறை வைத்த திவான் போட்டால், பகலில் மூவர் உட்காரலாம், இரவில் ஒருவர் படுக்கலாம், பாய் தலையணைகள் உள்ளே போய்விடும். பிள்ளைகள் படிக்கச் சுவரில் மடிக்கும் பலகை போதும். பளு தாங்குகிற போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கதவு. மூன்றடிக் கதவு ஒன்று திறந்து மூடுவதற்கு ஏறத்தாழ ஏழு சதுர அடித் தரையை விழுங்குகிறது. அந்த இடத்தில் ஒரு முக்காலிகூட வைக்க முடியாது. பக்கத்தில் அதே அகலத்திற்கு வெறும் சுவர் இருந்தால் நகரும் கதவு போடலாம்.

இதுவரை சொன்னது உண்மையான இடம். கண்ணுக்குத் தோன்றும் இடம் வேறு. வாசலில் நிற்பவர் பார்வை எவ்வளவு தூரம் தடையில்லாமல் போகிறதோ, அவ்வளவு பெரிதாக வீடு தெரியும். ஆகவே வாசலுக்கு நேரே ஜன்னல் இருந்தால் நடுவில் பீரோவை நிறுத்தாதீர்கள். ஹாலுக்கும் அறைக்கும் ஒரே நிறத் தரை, வெளிர் நிறச் சுவர், வெள்ளைக் கூரை நல்லது. திரைச்சீலைக் கம்பியை ஜன்னலை ஒட்டி மாட்டாமல், கூரைக்கு அருகில், இருபுறமும் ஓரடி தள்ளி மாட்டினால் ஜன்னலே பெரிதாகத் தெரியும். நிலைக்கண்ணாடியை வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு எதிரே வைக்கலாம். ஆனால் மேற்கு ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். சித்திரை வெயில் நம் ஊரில் எப்படியென்று உங்களுக்குத் தெரியும்.

பரண் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாலின் மூன்று பக்கமும் கடப்பைக் கல் அடித்து, கருப்பு விளிம்பு தலைக்கு மேல் தொங்கினால் அறை குகை மாதிரி ஆகிவிடும். ஓர் அங்குல கனமுள்ள கல் சதுர அடிக்கு ஆறு கிலோவுக்கு மேல் இருக்கும். பரணைச் சமையலறையோடும் குளியலறை மேலோடும் நிறுத்தி, சுவர் நிறத்திலேயே கதவு போட்டு மூடிவிடுங்கள்.

சிலர் இடம் வேண்டுமென்று சுவரையே இடிக்கிறார்கள். தூணும் உத்தரமும் கட்டடம் முழுவதையும் தாங்குபவை. அவற்றில் உளி படக்கூடாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரானாலும், கட்டுமானப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துச் சரி என்ற பிறகே கை வையுங்கள்.

பல வீடுகளில் பொம்மை ஷோகேஸுக்கு நல்ல சுவரும், வயதான அப்பாவுக்கு வழியில் ஒரு மடக்குக் கட்டிலும் ஒதுக்குகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. அவருக்குக் காற்று வரும் மூலை ஒன்றைக் கொடுத்து, கூரையிலிருந்து ஒரு திரை தொங்கவிடுங்கள். இரவில் அவர் கழிப்பறைக்குப் போகும் வழி இரண்டரை அடிக்குக் குறையாமல், எதுவும் காலில் தடுக்காமல் இருக்க வேண்டும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விளம்பரத்தில் போடும் சதுர அடியில் மாடிப்படி, லிஃப்ட், பொது வராந்தா இவற்றின் பங்கும் சேர்ந்திருக்கலாம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்பதற்கு விளக்கம் தந்திருக்கிறது: வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது, உள் தடுப்புச் சுவர்கள் சேரும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு சாக்பீஸும் டேப்பும் கொண்டு போய், உங்கள் கட்டில், பீரோ, திவான் அளவுகளை அந்த வெறும் தரையில் வரைந்து, நடுவில் நடந்து பாருங்கள்.