பழைய மின்னஞ்சல்களுக்குள் கிடக்கும் ஊர்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுவது வழக்கம். குடும்ப வழியும் ஊர்ச் செய்தியும் அரிய படங்களும் அதில் இருக்கும். பிள்ளைகள் கடல் கடந்து போன பிறகு இம்மலர்களில் பல மின்னஞ்சலில்தான் உருவாகின்றன. ரொறன்ரோவிலிருந்து மகளின் கட்டுரை வரும், பாரிசிலிருந்து பேரன் படங்களை அனுப்புவான், அச்சகம் புரூப் அனுப்பும்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சான மலர்களை ஸ்கேன் செய்து இணையத்தில் காக்கிறது. அவற்றுக்கு மூலமான மடல்களோ யாரோ ஒருவரின் மெயில் பெட்டியில் கிடக்கின்றன. கடவுச்சொல் மறந்தால் அவ்வளவுதான். 1981இல் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களைத் தீயில் இழந்த ஊர் இதையும் இழக்கக் கூடாது.

பைதன் நிரல்மொழி படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். மடல்களை எம்பாக்ஸ் கோப்பாக இறக்கிக்கொண்டால், பைதனோடு வரும் மெயில்பாக்ஸ் தொகுதி அவற்றை ஒவ்வொன்றாகத் தரும். மடல் ஒவ்வொன்றும் மேலும் பிரியும். 1992இல் நதானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் முறைப்படி, வெறும் எழுத்து ஒரு பகுதி, அதே செய்தியின் எச்டிஎம்எல் வடிவம் இன்னொரு பகுதி, படங்கள் தனித்தனிப் பகுதிகள். இணைப்பாக முன்னனுப்பிய மடலுக்குள் இன்னொரு முழு மடலே இருக்கும். ஃபார் லூப்பில் 'வாக்' என்று அழைத்தால் எல்லா அடுக்குகளுக்குள்ளும் இறங்கி வரும். 'மல்டிபார்ட்' என்று குறித்த பகுதிகள் வெறும் உறைகள்; அவற்றைத் தாண்டிவிடலாம்.

பலர் எழுதும் நிரல், வெறும் எழுத்துப் பகுதி கிடைத்ததும் நின்றுவிடுகிறது. நம் மடல்களுக்கு அது பெரும் கேடு. யுனிகோட் பரவுமுன் இங்கே அச்சகங்களும் வீடுகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தன. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. ஆகவே வெறும் எழுத்துப் பகுதியில் அம்மாவின் கடிதம் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே நிற்கும். கணினி பிழையும் சொல்லாது, ஏனெனில் அதன் கண்ணுக்கு அது ஒழுங்கான ஆஸ்கி. 'இது பாமினி' என்ற குறிப்பு எச்டிஎம்எல் பகுதியின் எழுத்துருக் குறியில்தான் இருக்கும். அதைக் கண்ட பிறகே யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஆங்கிலமும் கலந்து எழுதிய மடலில், எந்த வரி பாமினி, எந்த வரி ஆங்கிலம் என்பதும் அந்தக் குறியால்தான் தெரியும்.

படங்களிலும் கவனம் வேண்டும். 'அட்டாச்மென்ட்' என்று குறித்தவற்றை மட்டும் எடுத்தால், மடலுக்கு நடுவே ஒட்டிய படங்கள் தவறிப் போகும். அவை பெரும்பாலும் 'இன்லைன்' என்று வரும். போதாக்குறைக்கு, வெவ்வேறு மடல்களின் படங்கள் ஒரே கோப்புப் பெயரில் வருவது உண்டு. அப்படியே சேமித்தால் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசிப் படம் மட்டும் மிஞ்சும். மடலின் திகதியையும் ஒரு வரிசை எண்ணையும் பெயருக்கு முன்னால் சேர்த்துச் சேமியுங்கள். மூல எம்பாக்ஸ் கோப்பைத் தொடாமல், அதன் பிரதி ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.