கூரையின் கீழே கோல்ப்

மூணாற்றின் ஹை ரேஞ்ச் கிளப்பையும் குண்டளையையும் அறிந்த நண்பர்களுக்குக் கோல்ப் மைதானம் புதிதன்று. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கொண்டுவந்த ஆட்டம் அது. ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை மலையைப் பிடித்துக்கொள்ளும். பாலக்காட்டிலோ பங்குனி வெயிலில் வெளியே நிற்கவே மனம் வராது. ஆகவே அறைக்குள்ளேயே ஆடும் 'சிமுலேட்டர்' என்னும் ஏற்பாடு இவ்விரு இடங்களுக்கும் பொருத்தமானதே.

இதில் ஆட்டக்காரர் உண்மையான பந்தையே அடிக்கின்றார். எதிரே தொங்கும் தடித்த துணித்திரை அதைத் தடுத்து நிறுத்துகின்றது. பந்தின் வேகத்தையும் திசையையும் ராடாரோ காமிராவோ அளக்க, அது எங்கே போய் விழும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகின்றது. அந்தக் காட்சியைத் திரையில் காட்டுவது புரொஜெக்டர். நல்லதொன்றின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். தவறாக வாங்கினால் தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

வாங்கப் போகிறவர் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை லூமென்?" என்பதே. என் கருத்தில் முதற் கேள்வி, "என் நிழல் எங்கே விழும்?" என்பதாகும். சினிமாக் கொட்டகையில் ஒளி நம் தலைக்கு மேலே போகிறது, நாமும் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே ஆள் திரைக்குச் சுமார் 10 அடி தூரத்தில் நின்று மட்டையைத் தலைக்கு மேலே சுழற்றுகிறார். புரொஜெக்டருக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது 'வீச்சு விகிதம்'. திரை 12 அடி அகலம் என்று கொள்வோம். விகிதம் 1.5 ஆனால் கருவி 18 அடி பின்னால் இருக்க வேண்டும். ஆட்டக்காரரின் நிழல் புல்வெளி நடுவே விழும். 0.8 ஆனால் 9.6 அடி, மட்டை சுழலும் இடத்துக்கு நேர் மேலே! 0.5 அல்லது 0.6 என்றால் 6 அல்லது 7 அடி. ஆளுக்கு முன்னால், கூரையோடு ஒட்டி மாட்டலாம். இதுவே உத்தமம்.

இன்னும் கிட்டே, திரையின் அடியிலேயே வைக்கும் வகையும் உண்டு. அது வேண்டாம். தேர்ந்த ஆட்டக்காரர் அடித்த பந்து மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பாயும். திரையிலிருந்து துள்ளித் திரும்பும் பந்துக்குக் கண் கிடையாது. மேலும் துணியின் சிறு சுருக்கமும் அவ்வகைப் படத்தைக் கோணலாக்கிவிடும்.

அடுத்தது படத்தின் வடிவம். 12 அடிக்கு 9 அடித் திரையில் 16:9 படத்தை விழச் செய்தால் உயரம் 6 அடி 9 அங்குலமே வரும். உயரத்தை நிரப்பப் பெரிதாக்கினாலோ படம் 16 அடி அகலமாகி, ஒளியில் கால்பங்கு வெளியே சிந்தும். திரையின் வடிவத்துக்கு ஏற்ற கருவியே வேண்டும்.

இப்பொழுது லூமெனுக்கு வருவோம். இருண்ட கொட்டகையில் சதுர அடிக்குச் சுமார் 16 லூமென் போதும். இங்கே பந்து தெரிய ஆட்டக்காரர் தலைக்கு மேல் விளக்கெரியும். ஆகவே இரட்டிப்பாக வேண்டும். 108 சதுர அடிக்கு 3,500 லூமென் என்றால் கணக்குச் சரியாகிறது. நம் சங்கக் கூடத்தில் படம் காட்டுவதற்கும் இதே கணக்குத்தான்.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மூணாறு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே இருக்கின்றது. காற்று மெலிந்த இடத்தில் விசிறி கருவியைச் சரியாகக் குளிர்விக்காது. பல கருவிகளில் 'உயர்மலை' அமைப்பு ஒன்று உண்டு. அதைப் போட்டால் விசிறி வேகமாகச் சுழலும், சத்தமும் கூடும். திடீரென்று மின்சாரம் போனால் விசிறி நின்று, பழைய மாதிரி விளக்கு சூட்டிலேயே கெடும். லேசர் ஒளி கொண்டது இத்தொல்லையை அவ்வளவாகத் தராது. மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடி வில்லையில் பூஞ்சை படரும். ஆட்டம் இல்லாத நாளிலும் அறையை உலர்வாக வைத்திருக்க வேண்டும்.